பெபிஷா பிடித்த கை

பெபிஷாவுக்கு வலைக்கம்பெனியில் வேலை. மெஷின் பின்னித் தள்ளுகிற நைலான் வலையில் எந்தக் கண்ணியில் முடிச்சு விட்டுப்போயிருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, கையால் பின்னிச் சேர்க்க வேண்டும். கம்பெனி நாகர்கோவிலுக்கு வெளியே இருக்கிறது. வீடு இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊரில். ஸ்கூட்டரில் போய் வருவாள். வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகள் பிளஸ்ஸி, பத்தாம் வகுப்பு. பெபிஷாவுக்கு வயது நாற்பதை ஒட்டி வருகிறது.

ஊரில் அவளைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், "அடிமுறைக்குப் போற பெபிஷாவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கொஞ்சம் சிரிப்பும் இருக்கும். கல்யாணமாகி வளர்ந்த மகள் உள்ள பெண்பிள்ளை சுடிதார் ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டைக்கலை பழகிக் கால் வீசுவது அவர்களுக்கு வேடிக்கை. "ஆன்ட்ரூஸ் மச்சான் லீவுக்கு வரப் பேடிக்குகாரு" என்று அவளுடைய தம்பி பிரைட்டனே படகுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். போன தவக்காலத்தோடு அந்தச் சிரிப்பு நின்றது.

அவள் அடிமுறைக்குப் போன காரணம் மூச்சு.

ஒக்கி புயலின்போது அவளுடைய அப்பா கடலில் இருந்தார். வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைக்க ஒன்றும் இல்லாததால் கோயிலில் படம் வைத்துப் பூசை மட்டும் நடந்தது. அப்போது பெபிஷா அழுதாள், சமாளித்தாள், எல்லோருக்கும் சோறு போட்டாள். சில மாதம் கழித்துத்தான் அது தொடங்கியது. காற்றில் ஒரு கதவு படீரென்று அடித்தால் போதும், நெஞ்சு இறுகிவிடும். காற்று உள்ளே போகும், போதாதது போல இருக்கும், இன்னும் இழுப்பாள், இன்னும் போதாது. விரல்கள் மரத்துப்போகும். வலைக்கம்பெனியில் ஒருமுறை மெஷினுக்கு அருகிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நாகர்கோவிலில் இருதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது. வராத தூக்கத்தின் கோபம் பிளஸ்ஸியின் முதுகில் இறங்கியது. பால் சிந்தினால் அடி. ரிப்பன் தொலைத்தால் அடி.

கோயில் பக்கத்துக் கூடத்தில் பிள்ளைகளுக்கு அடிமுறை வகுப்பு தொடங்கினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஷீஜா. தக்கலைப் பக்கத்துக்காரி, தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெபிஷாவைவிட வயதில் இளையவள். பிளஸ்ஸியைக் கொண்டுவிட்டு பெபிஷா வெளியே படியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காற்று கிளம்பி, கூடத்தின் தகரக் கூரை ஒரு பக்கம் தூக்கி அடித்தது. பெபிஷா தூணைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்து, வாய் திறந்து, காற்றை இழுத்து இழுத்து நின்றாள். பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள்.

ஷீஜா தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"எக்கா, ரெண்டு காலையும் அகட்டி வையுங்க. கால்முட்டை மடக்குங்க. இன்னும் கீழ. இனி மூச்சை இழுக்காதீங்க."

"இழு... இழுக்காட்டா செத்துருவேன் டீச்சரே."

"சாகமாட்டீங்க. வெளிய விடுங்க. முழுசும் விடுங்க. விட்டா அது தானா உள்ள வரும்."

பெபிஷா விட்டாள். மடக்கிய முட்டில் உடம்பின் பாரம் முழுவதும் இறங்கியது. தொடை எரிந்தது. எரிச்சலைக் கவனித்துக்கொண்டிருந்ததில் மூச்சை மறந்தாள். மறந்த நேரத்தில் அது சரியாகிவிட்டிருந்தது.

"தொடை வலிக்கா?"

"நல்லா வலிக்கு."

"அப்போ அடுத்த கிளாசுக்கு வெளிய இருக்காதீங்க, உள்ள வாங்க."

அப்படி உள்ளே போனவள் வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தாள். முதலில் நிற்பதற்குப் பழக வேண்டும். பிறகு சுவடு, அதாவது காலை எங்கே எடுத்து எங்கே வைப்பது என்பது. அதற்கே நெடுநாள் ஆனது. கூட நிற்பவர்கள் எல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒரு மாதத்தில் பிடித்ததை இவள் ஒரு வருடத்தில் பிடித்தாள். விழப் பழகுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. தரை கிட்டே வரும்போது உடம்பு விறைத்துக்கொள்ளும். கையை ஊன்றிவிடுவாள். "கையை ஊனாதீங்க, கை ஒடியும், தோளைக் கொடுத்து உருளுங்க" என்று ஷீஜா கத்திக்கொண்டே இருப்பாள். பாயில் உருண்டு, மணலில் உருண்டு, கடைசியில் வெறுஞ் சிமென்ட்டில் உருண்டாள்.

அதன் பிறகு பூட்டு. ஒருவர் கையை மூட்டோடு சேர்த்து முடக்கிப் பிடிப்பது. அதில் பெபிஷாவுக்கு வலைக்கம்பெனி விரல்கள் கைகொடுத்தன. ஆனால் ஒருநாள், கூடப் பயிற்சி செய்த பெண் விளையாட்டாக அவள் காதருகே உரக்கக் கத்திவிட்டாள். பெபிஷாவுக்குள் என்னவோ பொங்க, பிடித்த முழங்கையை அழுத்திவிட்டாள். அந்தப் பெண் சில வாரம் கையைக் கழுத்தோடு தொட்டில்போலக் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஷீஜா திட்டவில்லை.

"எக்கா, ஒடியறதுக்கு ஒரு விரக்கடை முன்னால நிறுத்தணும். பிடிக்க யாருக்கும் சொல்லிக்கொடுத்திரலாம். நிறுத்தத் தெரியாட்டா நாளையிலிருந்து வராதீங்க."

அவமானத்தில் வீட்டுக்கு வந்து அழுதாள். மறுபடியும் போனாள். அதற்கப்புறம் நெடுநாள் ஷீஜா அவளுக்குப் பூட்டு மட்டுமே கொடுத்தாள். பிடிப்பது, நிறுத்துவது, விடுவது. எதிராளி திட்டுவாள், கிள்ளுவாள், முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பேடி, அந்தப் பயம், அவளை விட்டுப் போய்விடவில்லை. அதை அவளே சொல்வாள். வருவது முன்கூட்டியே தெரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சில் ஏறுவதற்கு முன் வயிற்றில் ஒரு குளிர் வரும். அங்கேயே அதைப் பிடித்துக்கொள்ளக் கற்றாள். இரவில் தூங்கினாள். மாத்திரையை நிறுத்தினாள். பிளஸ்ஸியை அடிக்கக் கை ஓங்கியபோது, ஓங்கிய கை தன்னுடையது என்று அவளுக்கே தெரிந்தது. அதோடு அடியும் நின்றது. கம்பெனியில் சூப்பர்வைசர் மேலே விழுந்து கத்தும்போது மற்ற பெண்கள் அழுவார்கள், இவள் அவர் கத்தி முடிக்கும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவரும் சீக்கிரம் முடித்துக்கொள்வார்.

இதுதான் பெபிஷா. இனி அந்த வெள்ளிக்கிழமை.

தவக்காலம். அந்த வாரம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் ஞானசெல்வி மாமியின் செயினை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாமி தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் வீடுவீடாக விற்கிறவள். இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்து, பின்மண்டை ரோட்டில் அடித்து, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள். அவளுடைய மகன் ஏசுஅடிமை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவனும் பிரைட்டனும் ஒரே படகில் தொழில் செய்பவர்கள். பையன்கள் ரோட்டு முனைகளில் பைக்குகளை நிறுத்திக் காவல் இருந்தார்கள். "கையில கிடைச்சா போலீசுக்கு வேலையில்ல" என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். அதற்காக பெபிஷா கம்பெனியில் சொல்லிவிட்டு நேரத்தோடு கிளம்பினாள். தென்னந்தோப்புக்கு நடுவே ரோடு வளைகிற இடம். பின்னால் ஒரு பைக் நெருங்கி வந்தது. முந்திப் போகட்டும் என்று ஓரம் விட்டாள். அது முந்தவில்லை. பக்கத்திலேயே வந்தது.

வயிற்றில் குளிர் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கை நீட்டி அவள் தாலிச்செயினைப் பிடித்து இழுத்தான்.

கழுத்து அறுந்தது போல வலித்தது. ஸ்கூட்டர் ஆடியது. யோசிக்க நேரம் இல்லை. ஹேண்டிலை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஸ்கூட்டர் ஒரு பக்கம் போக, அவள் மறுபக்கம் விழுந்தாள். கையை ஊன்றவில்லை. தோள் முதலில் தொட்டது, முதுகு உருண்டது. உருண்டவள் கையில் அவன் மணிக்கட்டும் வந்தது. அவன் பைக்கிலிருந்து பிய்ந்து ரோட்டில் விழுந்தான். ஓட்டியவன் தள்ளாடி நிறுத்தி, ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

எழுந்திருக்க முயன்றவனை அவள் எழுந்திருக்க விடவில்லை. கையைப் பின்னால் நீட்டி முறுக்கி, ஒரு முழங்காலை அவன் தோளில் வைத்து, இடது உள்ளங்கையை அவன் முழங்கை மூட்டுக்கு மேல் வைத்தாள். அவன் முகம் மண்ணில் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். அவனுடைய இன்னொரு கை மெதுவாக இடுப்புக்குப் போனது.

"அந்தக் கையை எடு."

அவன் எடுக்கவில்லை. அவள் உள்ளங்கையில் கொஞ்சம் பாரம் ஏற்றினாள். அவன் அலறினான்.

"எடுத்துத் தரையில வை. விரலை விரி. அசைஞ்சா ஒடிஞ்சிரும், நான் ஒடிக்கவே வேண்டாம்."

விரல்கள் விரிந்தன. இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தி நழுவி விழுந்தது. அதைக் காலால் தள்ளி ஓடையில் போட்டாள். அவள் முறுக்கிப் பிடித்திருந்த கைக்குள் அவள் செயினில் பாதி. மீதி அவள் கழுத்தில் ரத்தத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"எக்கா, விட்டுருங்க. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன். விட்டுருங்க எக்கா."

முதலில் வந்தது ராஜகுமாரின் ஆட்டோ. அதே ஊர்க்காரர்தான். பிரேக் போட்டு இறங்கி வாயைப் பிளந்தார்.

"அண்ணே, போலீசுக்கு விளிங்க. ஊருக்குச் சொல்லாதீங்க."

அவர் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பிள்ளே, இறங்கும்போதே நான் குரூப்ல போட்டோ போட்டுட்டேன்."

ஊர் முழுவதும் கோயில் முற்றத்தில் கூடியிருந்த நேரம் அது. பைக்குகள் வரும் சத்தம் சீக்கிரமே கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. முதலில் வந்தவன் இறங்கிய வேகத்தில் கீழே கிடந்தவனின் இடுப்பில் சவுட்டினான். பெபிஷாவின் உடம்பும் சேர்ந்து குலுங்கியது.

"தொடாத! போலீசு வருகு!"

"நீ தள்ளி மாறு எக்கா."

வட்டம் கட்டிவிட்டார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். பால் வாங்கும்போது சிரிக்கிற முகங்கள். அவற்றில் இப்போது சிரிப்பின் தடம்கூட இல்லை. ஒருவர் குனிந்து கேட்டார்: "ஏலே, உன் பேரு என்னலே? எந்த ஊரு?"

அவன் வாயைத் திறந்தான். பெபிஷா சட்டென்று அவன் காதுக்குக் குனிந்தாள்.

"பேரைச் சொல்லாத. ஊரையும் சொல்லாத. கொன்னாலும் சொல்லாத."

பெயர் வெளியே வந்தால் அதிலிருந்து அவன் சாதி வரும், சாமி வரும். அப்புறம் இது ஒரு கள்ளனின் காரியமாக நிற்காது, இரண்டு ஊர்க் காரியமாகிவிடும். இந்த ஜில்லாவில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவன் புரிந்துகொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் பெயர் இங்கேயும் வேண்டாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரைட்டன் வந்தான். அக்காவின் கழுத்தைப் பார்த்தான். ரத்தம் சுடிதாரின் நெஞ்சு வரை இறங்கியிருந்தது. அவன் கண் சிவந்தது.

"எக்கா, எந்திரி. நீ பிடிச்சாச்சு. இனி நாங்க பாத்துக்கிடுகோம்."

"போலீசு வரட்டும் மக்கா."

"வந்து? ரெண்டு மாசத்துல வெளிய வருவான். வேற ஒருத்தி கழுத்தை அறுப்பான். உனக்கு என்னட்டி, கிறுக்கா? உன் தாலியை அறுத்தவனுக்கு நீ குடை பிடிக்கியா?"

அவள் உள்ளங்கையை மூட்டிலிருந்து எடுக்கவில்லை. பின்னாளில் ஷீஜாவிடம் சொன்னாள்: "டீச்சரே, அவன் கேட்டது நியாயந்தான். எனக்கும் ஒடிக்கணும்னு இருந்தது. மூட்டு என் உள்ளங்கைக்குக் கீழதான். ஒரு விரக்கடை போதும், எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. எல்லாத்தையும்விட அதுதான் கஷ்டமா இருந்தது."

கூட்டம் தானாகவே வழிவிட்டது. ஏசுஅடிமை வந்துகொண்டிருந்தான். கையில் துடுப்பு. அவன் சத்தம் போடவில்லை. மற்றவர்கள் கத்தும்போது வராத பயம் அவனுடைய அமைதியைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது. முன்னால் வந்து நின்று, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தான்.

"மாறுக்கா."

"ஏசு, அம்மை கண்ணு முழிச்சாளா?"

"மாறுக்கான்னு சொன்னேன்."

"கேட்டதுக்குச் சொல்லு மக்கா. முழிச்சாளா?"

"இன்னைக்குக் காலையில."

"பேசினாளா?"

"என்னை விளிச்சா. தண்ணி கேட்டா."

"நாளைக்கும் விளிப்பா. அப்போ நீ எங்க இருப்ப? அம்மை தண்ணி கேக்கும்போ உன்னை எந்த ஜெயில்ல போய்க் கூட்டிட்டு வர?"

துடுப்பு இறங்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒருவன், "என்னலே பாத்துட்டு நிக்க, போடு!" என்று கத்தினான். இன்னொருவன் கல்லை எடுத்தான். அந்த இழுபறியில் பிரைட்டன் பொறுமையிழந்தான். ஏசுஅடிமையின் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி, தரையில் கிடந்தவனின் தலையைப் பார்த்து வீசினான்.

பெபிஷா துடுப்பைப் பார்க்கவில்லை. தம்பியின் முன்கால் முன்னால் வந்து ஊன்றியதைப் பார்த்தாள். அடி எங்கே விழும் என்று அந்தக் கால் சொல்லிவிட்டது. பிடியை விடாமல் உடம்பை மட்டும் கீழே கிடந்தவன் தலைக்கு மேல் சாய்த்தாள். துடுப்பு அவளுடைய இடது காறை எலும்பில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவள் கத்தவில்லை. நெஞ்சில் இருந்த காற்றை முழுவதும் வெளியே விட்டாள். இடது கை செத்தது போலத் தொங்கியது. வலது கையால் அவன் மணிக்கட்டை இறுக்கி, முட்டின் பாரத்தைக் கூட்டினாள். பாதிப் பிடிதான். அவன் நினைத்திருந்தால் உதறிக்கொண்டு எழுந்திருக்கலாம். அது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் எழுந்து எங்கே போவான்? சுற்றிலும் கால்கள். அவன் விரித்து வைத்திருந்த இன்னொரு கையால் அவளுடைய சுடிதார் ஓரத்தைப் பற்றிக்கொண்டான்.

"விடாதீங்க எக்கா. என்னை விடாதீங்க."

பிரைட்டன் துடுப்பைக் கீழே போட்டான். அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "எக்கா" என்றான். கூட்டத்தின் பின்வரிசையில் சத்தம் ஓய்ந்தது. "பெபிஷாவுக்கு விழுந்திட்டு" என்று வாய்க்கு வாய் போனது. ஆனாலும் கல்லெடுத்தவன் கல்லைப் போடவில்லை. இன்னும் சிலர் நெருங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோயிலில் இருந்த பெண்கள் அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்தார்கள். அவளோடு வலைக்கம்பெனியில் வேலை செய்கிற கிரேசி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். பெபிஷாவுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் பேர். சேலைத் தலைப்பில் ஜெபமாலையோடு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாவையும் மதினியையும் தாண்டிக் கால் வைக்க ஆண்களுக்குக் கூச்சம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார்கள்.

போலீஸ் ஜீப் வந்தபோது பெபிஷாவின் வலது விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்தன. ஒரு பெண் போலீஸ் குனிந்து, "போதும்மா, நாங்க பிடிச்சாச்சு, விடுங்க" என்று சொல்லி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். கை ஒடியவில்லை. ஜீப்பில் ஏறும்போது திரும்பி அவளைத் தேடினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டு ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ராஜகுமாரின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நடுக்கம் பிடித்தது. பல் கிட்டியது. கிரேசி மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டும் அடங்கவில்லை. கட்டுப் போட்ட பிறகு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார்.

"கழுத்துக் காயம் சரி. தோளில யாரு அடிச்சது?"

"வண்டியிலிருந்து விழுந்தேன் சார். அதுல ஒடிஞ்சது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விழுந்த காயம் எது, அடித்த காயம் எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்.

ஆன்ட்ரூஸ் வீடியோ காலில் வந்து அழுதார், அப்புறம் திட்டினார், அப்புறம் மறுபடியும் அழுதார். பைக் ஓட்டியவன் அடுத்த வாரம் மார்த்தாண்டம் பக்கத்தில் பிடிபட்டான். ஊர் இரண்டாகப் பேசியது. நல்ல காரியம் என்றவர்கள் இருந்தார்கள். "கள்ளனுக்குக் காவல் நின்னவ" என்று அவள் காதில் விழும்படி சொன்னவர்களும் இருந்தார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி முகம் திருப்பிக்கொண்டாள். ஸ்கூட்டரைத் தொடவே பெபிஷாவுக்கு நெடுநாள் பிடித்தது. பின்னால் பைக் சத்தம் கேட்டால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் கை கழுத்துக்குப் போனது.

ஞானசெல்வி மாமி தலையில் தையலோடு வீடு திரும்பியபோது பெபிஷா ஒற்றைக் கையோடு பார்க்கப் போனாள். மாமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஏசுஅடிமை அவளைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

"ரெண்டு அடியாவது போட விட்டிருக்கலாம் பிள்ளே" என்றாள் மாமி. "எனக்கு இன்னும் தலை சுத்துகு."

"விட்டிருக்கலாம் மாமி. ரெண்டோட நிக்காதுல்லா."

மாமி வாசல் பக்கம் பார்த்து, "ஏலே, எக்காக்குக் காப்பி போடு" என்று குரல் கொடுத்தாள்.

பிரைட்டன் மட்டும் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். சாராயக்கடையில் கிடக்கிறான் என்று ஒருவர் சொன்னார். கடலிலேயே தங்குகிறான் என்று இன்னொருவர் சொன்னார். பெபிஷா ஆள் அனுப்பவில்லை. பிடிவாதம் என்று அம்மா திட்டினாள். "அவனாத்தான் வரணும் அம்மா. நான் விளிச்சா மன்னிச்சதாட்டு ஆயிரும். அவன் என்னைக் குறிவச்சு அடிக்கல்ல, அதை அவன் புரிஞ்சுக்கிடணும்" என்றாள்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய நாள் மத்தியானம் பிரைட்டன் வந்தான். கையில் ஒரு பெரிய வாளைமீன். வாசலில் நின்றான். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் மீன் வெட்ட முடியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பின்பக்கம் போய் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பூனை ஒன்று வந்து சுற்றியது.

மீனின் வெள்ளித் தோலைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: "வலிக்கா?"

"படுக்கும்போ வலிக்கும்."

"நீ சத்தமே போடல்லியே எக்கா. சத்தம் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்."

"சத்தம் போட்டிருந்தா பிடி விட்டிருக்கும்."

அவன் கை நின்றது. தோள் குலுங்கியது. மீனும் ரத்தமுமாக இருந்த கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பெபிஷா எழுந்து வந்து, நல்ல கையால் தன் ஷாலின் முனையைப் பிடித்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லட்டா? நாந்தான் அடிச்சேன்னு?"

"சொல்லி? அம்மைக்கு அடுத்த அழுகை வேணுமா? போலே." பிறகு அவளே சொன்னாள்: "அன்னைக்குக் கல்லு தூக்கினவனுங்க எல்லாம் உன் கூட்டாளிங்கதானே. அவனுங்ககிட்டப் போய்ச் சொல்லு. துடுப்பு எலும்பில பட்டா எப்படிச் சத்தம் கேக்கும்னு சொல்லு."

பிரைட்டன் தலையாட்டினான். சொன்னானா இல்லையா என்று தெரியாது. மீனை வெட்டி முடித்தான். துண்டுகள் ஒன்று கட்டை விரல் அளவு, ஒன்று கை அளவு. பிளஸ்ஸி பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவன் அங்கேதான் சாப்பிட்டான். இரண்டு தட்டுச் சோறு.